கச்சானுக்கு மேற்கு யன்னலைச் சாத்து

ஒவ்வொரு வருடமும் மே மாதக் கடைசியில் வானொலியில் ஒரு செய்தி வரும். தென்மேல் பருவப்பெயர்ச்சி தொடங்கிவிட்டது, மேற்கு, சப்ரகமுவ, தென் மாகாணங்களில் மழை பெய்யும் என்பார்கள். கொழும்பில் இருப்பவர் அதைக் கேட்டுவிட்டுக் குடையைத் தேடுவார். திருகோணமலையில் இருக்கும் நாங்கள் மேற்குப் பக்கத்து யன்னலைப் பார்ப்போம். அங்கே மழை என்றால் இங்கே, கிழக்குக் கரையில், கச்சான்: மேற்கிலிருந்து சுடச்சுட அடிக்கிற வறண்ட காற்று.

அக்கா ரொறன்ரோவில் இருக்கிறார். நவம்பர் பிறந்தால் பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டுகிறது, மனம் சரியில்லை, வெயிலைக் கண்டு எத்தனை நாள் என்று போனில் அலுத்துக்கொள்வார். "உனக்கென்ன, வருசம் முழுக்க வெயில்" என்பது அவருடைய நிரந்தர வசனம். அதே நவம்பரில் எங்கள் வீட்டில் நான்கு நாளாகச் சூரியனைக் காணாமல் உடுப்பெல்லாம் கொடியில் நாறிக்கொண்டிருக்கும். ஆனாலும் உண்மையைச் சொன்னால், எனக்கு மாரி பிரச்சினை இல்லை. இருண்ட வானம்தான் மனிதரைச் சோர வைக்கும் என்பது குளிர் நாட்டுக் கணக்கு. இந்த ஊரில் ஆளைச் சாய்க்கிற காலம், மேகமே இல்லாமல் பளீரென்று இருக்கிற ஆனியும் ஆடியும்தான்.

ஏன் அப்படி என்பதற்கு நாட்டின் நடுவில் இருக்கும் மலைதான் பதில். இந்து சமுத்திரத்திலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேல் காற்று மத்திய மலைநாட்டில் முட்டுகிறது. ஏறும்போது குளிர்கிறது, குளிர்ந்தால் மேகம், மேகம் திரண்டால் மழை. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுவது இதனால்தான். ஈரத்தை அங்கே இறக்கிவிட்ட காற்று மலையின் மறுபக்கம் எங்களை நோக்கி இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கும். அமுங்கும் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதே, அதே கதை.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். மேற்குக் கரையில் காற்று 28 பாகை செல்சியஸ் என்று வையுங்கள். ஈரம் மேகமாகும் வரை, ஒரு கிலோமீற்றர் ஏறினால் 10 பாகை என்ற வேகத்தில் குளிரும். 500 மீற்றரில் மேகம் கட்டத் தொடங்கினால் அங்கே 23 பாகை. அதற்கு மேல் மழை பெய்துகொண்டே ஏறும்போது குளிர்வது மெதுவாகிவிடும், கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 5 பாகைதான். ஏனென்றால் ஆவி நீராகும்போது தன் வெப்பத்தைக் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. 2,000 மீற்றர் உச்சியில் 15 பாகையும் கொஞ்சமும். இறங்கும்போது ஈரம் கிடையாது, ஆகவே முழு வேகத்தில், கிலோமீற்றருக்கு 10 பாகையாகச் சூடேறும். கடல் மட்டத்துக்கு வந்து சேரும்போது 35க்கு மேல். புறப்பட்டபோது 28, வந்து சேர்ந்தபோது 35. இடையில் ஒரு மலையும் ஒரு மழையும் மட்டும்தான். எல்லாக் காற்றும் இப்படி மலையேறி வருவதில்லை; அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்துக் காய்ந்த சமவெளியில் சுட்டுக்கொண்டு வருவதும் உண்டு. வந்து சேரும் குணம் ஒன்றுதான்.

கச்சான் என்ற சொல்லுக்கு மேல்காற்று என்றுதான் பொருள். எங்களூரில் கச்சான் என்றால் நிலக்கடலையும்தான். கோயில் திருவிழாவில் சுருளில் கட்டி விற்கிற கச்சான் வேறு, இந்தக் கச்சான் வேறு; இரண்டும் வறுபடுவது மட்டும் பொது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலும் இதே மாதிரி இறங்கி வரும் காற்று உண்டு, அதற்கு ஃபோன் என்று பெயர் (கையில் வைத்திருக்கும் போன் இல்லை). ஜேர்மன் மொழியில் தலைமயிர் உலர்த்தும் கருவிக்கும் அதே பெயர். அந்தக் காற்று அடிக்கும் நாட்களில் தலையிடி வரும், வீட்டில் சண்டை வரும் என்று அந்த ஊர்ச் சனமும் சொல்கிறதாம். எங்கள் ஊரில் இதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. ஆடி மாதத்துப் பின்னேரம் மூன்று மணிக்கு எந்த வரிசையிலாவது போய் நின்று பாருங்கள்.

"காற்று அடிக்கிறதுதானே, பிறகென்ன புழுக்கம்?" என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். எங்கள் தோலின் வெப்பமே 34, 35 பாகைதான். காற்றும் அதே சூட்டில் இருந்தால் வீசுவதால் பெரிய ஆறுதல் இல்லை, வியர்வை உலர்வதில் கிடைப்பது மட்டும்தான். மின்விசிறி அறைக்குள் இருக்கிற சூட்டைக் கிண்டிவிடும், அவ்வளவுதான். வியர்வை உடனேயே உலர்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்பதும் தெரியாது. உதடு வெடித்து, தலை கனத்த பிறகுதான் நினைவு வரும்.

இதைவிடப் பெரிய அநியாயம் கடற்காற்று தடைப்படுவது. கடலோர ஊர் என்றால் மத்தியானத்துக்குப் பிறகு கரை சூடேறி, கடலிலிருந்து குளிர்காற்று உள்ளே வரவேண்டும். பங்குனி, சித்திரையில் ஒழுங்காக வரும். கச்சான் பலமாக அடிக்கும் நாட்களில் அது கடற்காற்றைக் கரைக்கு வரவிடாது. மூன்று பக்கமும் கடலை வைத்துக்கொண்டு கடற்காற்று இல்லாமல் இருப்பது திருகோணமலை நகரத்தாருக்கு மட்டும் வாய்த்த கொடுப்பினை. சில நாள் நாலு, ஐந்து மணிக்குக் கச்சான் கொஞ்சம் தளரும். அந்த நொடியில் கிழக்கிலிருந்து ஒரு உப்புக் காற்று வந்து முகத்தில் படும். டச் பே கடற்கரையில் சனம் கூடுவது அதற்காகத்தான். தளராத நாட்களில் இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும்.

வெளிநாட்டுப் பயணிகளுக்கு இதே மாதங்கள்தான் 'நல்ல காலநிலை'. நிலாவெளி, உப்புவெளி விடுதிகள் நிறைவதும், புறாத்தீவுக்கு வள்ளங்கள் ஓடுவதும் இப்போதுதான். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையோரத் தண்ணீர் தட்டில் ஊற்றிய மாதிரி அசையாமல் இருக்கும். பார்க்க அழகுதான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. காற்றடைத்த ரப்பர் வளையத்தில் பிள்ளையை விட்டால் கச்சான் அதை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். அலை இல்லாத கடல் பயமில்லாத கடல் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மீன்பிடிக்காரருக்கும் இது உழைக்கிற காலம். மேற்குக் கரையில் கடல் கொந்தளிப்பதால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர்கள் வள்ளத்தோடு இந்தப் பக்கம் வந்து வாடி போட்டுத் தங்குவார்கள். பருவம் மாறினால் திரும்பிவிடுவார்கள். திருக்கடலூரில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயாவிடம் கச்சானைப் பற்றிக் கேட்டேன். "கடலுக்குப் போறவனுக்குக் கச்சான் நல்லது தம்பி, கரையில இருக்கிறவனுக்குத்தான் கரைச்சல்" என்றார். நான் கரையில் இருக்கிறவன்.

2015 முதல் 2018 வரை நோன்பு மாதம் சரியாக இந்தக் கச்சானுக்குள் வந்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் வயலிலும் கட்டட வேலையிலும் நிற்பவர்கள் அந்த வருடங்களில் தண்ணீர்கூடக் குடிக்காமல் பகலைக் கழித்தார்கள். விடியப்புறமே வேலையைத் தொடங்கி மத்தியானத்துக்கு முன் முடித்துவிடுவது, மிச்சத்தை அசர் என்கிற பின்னேரத் தொழுகைக்குப் பிறகு பார்ப்பது என்று நேரத்தையே வெட்டி மாற்றிக்கொண்டார்கள். கச்சானை வெல்ல இருக்கிற ஒரே உருப்படியான வழி அதுதான் என்று எனக்குப் படுகிறது: நேரத்தை மாற்றுவது. அலுவலகங்களும் பள்ளிக்கூடங்களும் மலைக்கு அந்தப் பக்கத்து மணிக்கூட்டுக்கே நடப்பதால் நகரத்தில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

வீட்டுக்கு வருவோம். பாலையூற்றில் அம்மம்மாவின் வீடு ஓட்டு வீடு. காலை ஒன்பது மணிக்கு, "கச்சானுக்கு மேற்கு யன்னலைச் சாத்தடா" என்று குசினியிலிருந்து குரல் வரும். சூடாக இருக்கிறது என்று யன்னலைத் திறப்பதுதானே வழக்கம், இவர் ஏன் மூடச் சொல்கிறார் என்று சின்ன வயதில் எனக்குக் கோபம். பெளதிகம் அவர் பக்கம்தான் இருந்தது. உள்ளே இரவுக் குளிர்ச்சி மிச்சமிருக்கும்போது வெளியே 35 பாகைக் காற்றுக்குக் கதவு திறப்பது, ஐஸ் பெட்டியைத் திறந்து வைப்பது போல. இருட்டிய பிறகு எல்லா யன்னலையும் திறந்துவிடுவார். மத்தியானத்தில் விறாந்தைத் தட்டியில் நனைத்த சாக்கைத் தொங்கவிடுவார். கச்சான் வறண்ட காற்று. ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு குளிர்ந்துபோய் உள்ளே வரும். மண்பானைத் தண்ணீர் இந்தக் காலத்தில் பல் கூசுகிற அளவுக்குக் குளிர்வதும் அதே காரணத்தால். இதே சாக்கைக் கொழும்பின் ஈரக் காற்றில் தொங்கவிட்டால் பூஞ்சணம்தான் மிச்சம்.

இப்போது இருக்கிற வீடுகளில் பாதிக்கு இந்த உபாயங்கள் பலிக்காது. சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் அவசரமாகக் கட்டிய சின்னச் சின்ன வீடுகள், மேலே ஓட்டுக்குப் பதிலாகச் சீற் தகடு, தாழ்ந்த சுவர், விறாந்தை கிடையாது, வளவில் மரம் கிடையாது. சீற் பகலில் வாங்கிய சூட்டை அப்படியே தலையில் இறக்கும். பூசணிக்கொடியைக் கூரையில் ஏற்றிவிட்டவர்கள், சீற்றுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தவர்கள், கிடுகை மேலே பரப்பியவர்கள் எல்லாரையும் பார்த்திருக்கிறேன். எல்லாமே ஓரளவு உதவும். மேற்குப் பக்கம் ஒரு வேம்பு இருந்தால் அதைவிட உதவும், ஆனால் வேம்பு வளர ஏழெட்டு வருடம் வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. காலையில் பழஞ்சோற்றில் மோரும் வெங்காயமும் பச்சைமிளகாயும். வழியில் நுங்கு, இளநீர், சீனி போட்ட வெள்ளரிப்பழம், உப்பும் சீனியும் கலந்த தேசிக்காய்த் தண்ணீர். கடலோரக் கிணறுகள் இந்த நாட்களில் உவர் ஏறிவிடும் என்பதால் குடிக்கிற தண்ணீருக்கு யோசனை வேண்டும்.

ஆவணி, புரட்டாசியில் கச்சான் தளர்ந்து, பின்னேரங்களில் இடியும் மின்னலும் தொடங்கும். தமிழ் மாதக் கணக்கில் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இங்கே அது வெறும் ஒத்திகை. கூதிர் காலம் என்று சொன்ன ஐப்பசி, கார்த்திகைதான் எங்கள் மழை. 'ஐப்பசி அடைமழை' என்று பழமொழி சொன்னவர் கிழக்குக் கரையில் நின்று சொல்லியிருப்பார்.

திருகோணமலைக்கு ஒரு வருடத்தில் சராசரியாக 1,600 மில்லிமீற்றர் அளவில் மழை. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விழுகிறது. நவம்பர், டிசம்பர் இரண்டையும் சேர்த்தால் 700 மில்லிமீற்றர் அளவில் வரும். மழைக்குப் பேர்போன லண்டன் ஒரு முழு வருடத்தில் காண்பது 600 அளவில்தான். லண்டன்காரர் வருடம் முழுக்கத் தூறலில் நனைகிறார், நாங்கள் இரண்டே மாதத்தில் குளித்து முடிக்கிறோம். ஜனவரி இரவில் வெப்பம் 23, 24 பாகைக்கு இறங்கினால் எங்கள் ஆட்கள் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு "கூதல் தாங்கேலாது" என்பார்கள். அக்கா இதைக் கேட்டால் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

ஒரு விதத்தில் இந்த ஊர் உலக வரைபடத்தில் பெரிய எழுத்தில் ஏறியதே இந்த மோசமான காலநிலையால்தான். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி தொடங்கினால் வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில் பாய்க்கப்பல்களுக்கு ஒதுங்க இடமில்லை. சென்னையில் அப்போது துறைமுகமே கிடையாது, திறந்த கடல். ஒக்டோபர் நடுவில் கப்பற்படைகள் அந்தக் கரையைவிட்டு ஓடவேண்டும். அடைமழையிலும் குளம் போலக் கிடக்கிற எங்கள் உட்துறைமுகம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் மட்டும் பக்கத்திலேயே தங்கலாம். 1782இல் மட்டும் பாருங்கள்: ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் பறித்தார், செப்டெம்பர் 3இல் வெளிக்கடலில் இரண்டு படைகளும் மோதின. நாட்களைக் கவனித்தால் மாரி தொடங்க முன் இடம்பிடிக்கிற அவசரம் தெரியும்.

அந்தத் துறைமுகத்துக்கு வெளியே மாரிக் கடல் வேறு கடல். சின்ன வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். நாளாந்தக் கூலிக்குப் போகிறவர்களுக்கும் வேலை இல்லை. நகை அடகுக்குப் போவது இப்போதுதான். கடலோ வயலோ கைகொடுத்த பிறகு மீட்பார்கள். மழையை ரசிக்கிறேன் என்று நான் எழுதுவதெல்லாம் மாதச் சம்பளம் உள்ளவனின் ரசனை, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மீன் விலை ஏறும். கச்சானில் காயவைத்த கருவாடு அடுக்களைக்கு வருவது இந்த நேரத்தில். வறுத்தெடுத்த காற்றுக்கு நன்றி சொல்ல வேண்டிய ஒரே இடம் கருவாட்டுக் குழம்புதான்.

வெள்ளத்தைப் பற்றி ஒரு விஷயம் வெளியூருக்குப் புரிவதில்லை. நாட்டின் மிக நீளமான ஆறான மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடி, நாட்டின் ஆறில் ஒரு பங்கு நிலத்து நீரைச் சேர்த்துக்கொண்டு மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. கண்டியில் பெய்கிற மழை எங்கள் வாசலுக்கு வர நேரம் எடுக்கும். ஆகவே மழை விட்டு, வானம் வெளித்து, "அப்பாடா" என்று இருக்கும்போதுதான் வெருகலிலும் மூதூரிலும் தண்ணீர் ஏறும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா சூறாவளியில் இதைப் பார்த்தோம். நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் மலைநாட்டு மண்சரிவில். இங்கே மாவிலாற்று அணைக்கட்டு உடைத்துக்கொண்டு கிராமங்களுக்குள் பாய்ந்தது. மேலே நிற்கிற மேகத்தைவிட ஆற்று மட்டத்தைக் கவனிக்க வேண்டிய இடங்கள் இவை.

சூறாவளி ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒன்று உண்டு. 1964 டிசம்பர் 22இல் இலங்கையின் வடபகுதியைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்த புயலைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2000 டிசம்பர் 26இல் ஒன்று இங்கேயே கரையேறியது. சரியாக நாலு வருடம் கழித்து அதே நாளில் சுனாமி. 2020 டிசம்பர் 2 இரவு புரவி நகரத்துக்கு வடக்கே கரைக்கு வந்தது, பயந்த அளவுக்கு இல்லை. மூன்றும் டிசம்பர், டித்வா நவம்பர் கடைசி. இவ்வளவு தெளிவாக நாட்குறித்து வருகிற ஒன்றுக்கு நடுவில் க.பொ.த. உயர்தரப் பரீட்சையைக் கொண்டுபோய் வைத்தது யாருடைய யோசனையோ. முன்பு ஓகஸ்டில், கச்சான் சூட்டில் எழுதினோம். 2024 நவம்பரிலும் 2025 நவம்பரிலும் பரீட்சை நடுவில் நிறுத்தப்பட்டது. இரண்டில் எது நல்லது என்று கேட்டால் வியர்த்துக்கொண்டே எழுதலாம் என்பேன். தண்ணீருக்குள் நின்று எழுத முடியாது.

மாரிக்கு ஆயத்தம் புரட்டாசியிலேயே தொடங்கவேண்டும். வாய்க்காலில் அடைந்த மண்ணை அள்ளுவது, கூரைமேல் சாய்ந்த தென்னோலையை வெட்டுவது, சீற்றின் ஆணிகளைப் பார்ப்பது, விறகையும் நெல் மூட்டையையும் தரையிலிருந்து உயர்த்துவது. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாம் ஒரே பொலித்தீன் உறைக்குள், கைக்கெட்டுகிற உயரத்தில். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தால் பூஞ்சணம் குறையும். எறிந்த டயர், சிரட்டை, தயிர்ச் சட்டி எதுவும் வளவில் கிடக்கக்கூடாது. 2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவிப் பள்ளிக்கூடங்களை மூடும் அளவுக்குப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நுளம்பு அடைமழையில் பெருகுவதைவிட, மழை விட்டு அங்கங்கே தண்ணீர் தேங்கும் தை, மாசியில்தான் பெருகும். மழை முடிந்துவிட்டது என்று வளவைக் கவனிக்காமல் விடுவது அந்த நேரத்தில்தான்.

அப்புறம் இருக்கிற மிச்ச நேரத்துக்கு இஞ்சி போட்ட பிளேன்ரீ, அவித்த மரவள்ளிக்கிழங்கு, இடிச்ச சம்பல். தடிமன் பிடித்தால் மல்லித்தண்ணி. மழை இரண்டு மணிநேரம் விட்டால் கன்னியாவுக்கு ஒரு ஓட்டம். ஏழு வெந்நீர்க் கிணறுகளின் அருமை குளிரில்தான் தெரியும்.

மாசி, பங்குனியில் ஊர் வேறு முகம் காட்டும். குளங்கள் நிறைந்திருக்கும், தம்பலகாமத்தில் பெரும்போக அறுவடை நடக்கும், கடல் அடங்கிக்கொண்டு வரும், பின்னேரம் தவறாமல் கடற்காற்று. கோட்டைக்குள் மான்கள் பச்சைப் புல்லில் படுத்திருக்கும். "அக்கா, வாறதெண்டா மாசியில வாங்கோ" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறை யூலை, ஓகஸ்டில்தானாம். இந்த வருடமும் ஆடியில்தான் டிக்கெட் போட்டிருக்கிறார். மேற்கு யன்னலுக்குத் தடித்த சீலை ஒன்று வாங்கவேண்டும்.